ஆமாம் சொன்னால் ஆடாத கட்டில்

அத்தியாயம் 9

பல்கேரியாவின் தோப்லித்சா ஊருக்குள் நுழைந்தவர்களை அந்த மார்ச் மாதக் காலையில் முதலில் வரவேற்றது செத்துப்போன லோசான்தான்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு லோசான். மருந்துக்கடைக் கதவில் ஒரு லோசான். தபால் நிலையத்துக்கு எதிரே இருந்த மரத்தில் இரண்டு லோசான்கள். தாளுக்குச் சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் மீசையும் சிரிப்புமாக அவன் முகம், கீழே இரண்டே வரி: 'ஆறு மாதம் ஆகிவிட்டது. மறக்கவில்லை. அக்கா ரலிட்சா.'

இறந்தவரின் படம் போட்டுத் தாள் ஒட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். வாசல் கதவில் ஒன்று, தெருமுனையில் ஒன்று, அத்தோடு சரி. ரலிட்சா அப்படி ஒட்டவில்லை. ஹரலாம்பி எந்த வழியாக நடப்பானோ அந்த வழி நெடுக ஒட்டியிருந்தாள். அவன் வீட்டு கேட்டில், அவன் கார் நிறுத்தும் சுவரில், அவன் முடிவெட்டிக்கொள்ளும் கடைக் கண்ணாடியில். காலையில் அவன் ஆள் வைத்துக் கிழித்தால் மத்தியானத்துக்குள் புதுசு வந்துவிடும்.

"பாஸ், இந்த அக்கா தேர்தல்ல நின்னா எதிர்த்து நிக்கறவனுக்கு டெபாசிட் கிடைக்காது" என்றாள் நெவேனா, பழைய மாஸ்க்விச் காரைச் சானடோரியம் வாசலில் நிறுத்தியபடி.

துப்பறியும் பர்வான் சிரிக்கவில்லை. "ஓட்டு கேட்டா அவ ஒட்டறா? ரத்தம் கேக்கறா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

நெவேனாவுக்கு அது தெரியாதா என்ன. பர்வானிடம் வேலைக்கு வருவதற்கு முன் அவள் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். போன செப்டம்பரில் கல்லடியில் மண்டை உடைந்து கிடந்த லோசானை வாதுமைத் தோப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது அவள்தான். மலைப்பாதையில் பாதி தூரம் போவதற்குள் வண்டிக்குப் பின்னால் இருந்த முனகல் நின்றுவிட்டது. அவள் வாய் ஓயாமல் கேலி பேசும். ஆனால் அந்த முனகல் நின்ற இடத்தை இன்று காரில் கடந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

யார் கொன்றது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லோசானின் தோப்பில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. மியூனிக்கில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஹரலாம்பிக்கு அந்த ஊற்றின் மேல் ஹோட்டல் கட்ட ஆசை. 'என் அப்பா கால் நனைச்ச தண்ணி, குழாய்ல போகாது' என்று லோசான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அடுத்த வாரமே, மாலை நாலு மணிக்குத் தோப்பில் அலறல் கேட்டது.

அதே நாலு மணிக்கு ஹரலாம்பி சானடோரியத்தில் படுத்துக்கிடந்தான் என்று ஒரு கட்டில் சாட்சி சொன்னது. கட்டிலைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாமல் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நாளைக் காலை விமானத்தில் ஹரலாம்பி மியூனிக் போகிறான். போனால் வரமாட்டான்.

*

கட்டில் ஒரு சிறிய அறையின் நடுவே, கூரையிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பேனா, நகரும் காகிதம்.

"படுத்துக்கிட்டே ஆடற ஊஞ்சல்" என்றாள் நெவேனா. "இதுல படுத்தா இதயம் எப்படி தெரியும் அக்கா?"

ரலிட்சா ஐம்பது வயதுக்காரி, கறுப்பு உடைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டதுபோல் முகத்திலும் அந்த இரண்டு நிறம்தான். இந்தக் கட்டிலைப் பதினாறு வருஷமாகக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவள்.

"துப்பாக்கி சுட்டா தோளை உதைக்குதுல்ல? அதேதான். இதயம் ரத்தத்தைத் தலைப்பக்கம் வீசும்போது உடம்பு கால்பக்கம் பின்வாங்கும். நமக்குத் தெரியாது. கட்டிலுக்குத் தெரியும். பலமான இதயம்னா பலமா உதைக்கும், பேனா உசரமா எழுதும். சீக்கான இதயம்னா குழந்தை கிறுக்கின மாதிரி வரும்."

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து மேஜையில் விரித்தாள். மேலே ஹரலாம்பியின் பெயர், தேதி, நாலு மணி என்று முத்திரை. கீழே நலிந்த சின்னச் சின்ன அலைகள்.

"அன்னிக்கு நான் லீவு. என் இடத்துல வந்த பொண்ணு இப்ப சைப்ரஸ்ல கிழவிகளைப் பாத்துக்கிட்டு இருக்கா. போன் போட்டுக் கேட்டேன். படுக்கறவங்க கண்ணுமேல துண்டு போட்டுடுவோம், முகத்தை யாரு பாத்தா, நான் பேனாவைத்தான் பாத்தேன்னு சொல்றா."

"இப்ப அவனைப் படுக்கவெச்சு ரெண்டு காகிதத்தையும் ஒப்பிட்டா?" என்றார் பர்வான்.

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு. ஆறு மாச வைத்தியத்துல இதயம் தேறும், கோடு மாறும், அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டார்." ரலிட்சாவின் விரல் அந்த அலைகளின் மேல் நகத்தை அழுத்தியது. "இந்த இதயத்தோட மலையேறி ஒருத்தன் மண்டையை உடைக்க முடியாதுன்னு வேற எழுதிக் குடுத்தார். முடியாதுதான். இது அவனோட இதயம் இல்லையே!"

பர்வான் குனிந்து பார்த்தார். காகிதத்தின் ஆரம்பத்தில், மூன்று இடங்களில், விளிம்பில் சின்னப் புள்ளி இருந்தது.

"இது என்ன?"

"கேள்வி கேட்ட இடம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேப்போம். சௌகரியமா இருக்கா, கண்ணு மூடியிருக்கா, ஆரம்பிக்கலாமா. வாயைத் திறந்து பேசக்கூடாது, பேசினா பேனா துள்ளும். தலையால பதில் சொல்லணும்."

"தலையை ஆட்டினா துள்ளாதா?"

ரலிட்சா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கட்டில் தலைக்கும் காலுக்கும் நேராத்தான் ஆடும், பக்கவாட்டுல ஆடாது. நாம ஆமாம்னு சொன்னா தலை இடமும் வலமும்தானே போகுது? கட்டில் அசையாது. இல்லைன்னு சொன்னாத்தான் மோவாய் மேல எகிறும், பேனா எகிறும். அதனாலதான் மூணு கேள்வியும் ஆமாம்னு பதில் வர்ற கேள்வியா வெச்சிருக்கோம்."

"பல்கேரியாவுல மட்டும் வேலை செய்யற மெஷின்" என்றாள் நெவேனா. "வெளிநாட்டுக்காரன் படுத்தா பேனா நடனம் ஆடிடும்."

மூன்று புள்ளிகளுக்கு நேரேயும் கோடு எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று போயிருந்தது. பர்வான் அதை உற்றுப் பார்த்துவிட்டு, ரலிட்சாவிடம் ஒரு மூலைக்குப் போய் ஏதோ கிசுகிசுத்தார். அவள் தலை இடமும் வலமும் அசைந்தது.

"வா நெவேனா, பசிக்குது. ஹரலாம்பி எப்பவும் சாப்பிடற கடைக்கே போய்க் குடல் சூப் சாப்பிடலாம்."

"என்ன கிசுகிசுத்தீங்க?"

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன். ஆமா, எப்பவும் உன்னை மெதுவாப் பேசு, மெதுவாப் பேசுன்னு சொல்லுவேன் இல்ல? இன்னிக்கு வேண்டாம். சுதந்திரமாப் பேசு."

அவர்கள் வெளியே வரும்போது ரலிட்சா ஒரு கையில் ஏணியும் ஒரு கையில் பசை டப்பாவுமாக அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எங்க அக்கா ஒட்டப் போறீங்க? ஊர்ல காலியிடம் ஏது?"

"ஒரே ஒரு இடம் பாக்கி" என்றாள் ரலிட்சா.

*

சூப்புக் கடையில் பூண்டும் வினிகரும் மூக்கைத் துளைத்தன. ஜன்னலோர மேஜையில் ஹரலாம்பி உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், மழித்த கன்னம், மியூனிக் கோட்டு. நெவேனா சூப்பைத் தொடாமல் அவன் தட்டில் ரொட்டியைப் பிய்க்கும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் கல்லைத் தூக்கியிருக்கும் என்று நினைத்தபோது எழுந்து போய் அந்தச் சூடான கிண்ணத்தை அவன் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

பரிமாறும் பையன் ஹரலாம்பியிடம் போனான். "இன்னொரு கிண்ணம் சூப்பு வேணுங்களா?"

ஹரலாம்பி செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். பையன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

"டேய், வேணும்னுதானேடா சொன்னேன்!"

"வேணாம்னு தலையாட்டினீங்களே சார்?"

கடையே சிரித்தது. நெவேனா சிரிக்கவில்லை. கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. அடுத்த விநாடி நாற்காலி பின்னால் சரியக் குதித்து எழுந்தாள்.

"பாஸ்! இருபது வருஷம் ஜெர்மனியில இருந்த தலை! ஆமாம்னா மேலும் கீழும் போகுது! அன்னிக்கு அந்தக் கட்டில்ல இவன் படுத்திருந்தா மூணு கேள்விக்கும் பேனா மூணு தடவை எகிறியிருக்கணும்! கோடு வழவழன்னு இருக்கு பாஸ், படுத்தது நம்ம ஊர்த் தலை! இவன் இல்ல!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹரலாம்பி செய்தித்தாளை மடித்தான். நெவேனா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். காலம் கடந்து பொத்துவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

ஹரலாம்பி எழுந்து அவர்கள் மேஜைக்கே வந்தான். முகத்தில் கோபம் இல்லை, அதைவிட மோசமாகப் புன்னகை இருந்தது.

"இதானா உங்க கண்டுபிடிப்பு? சூப்பு குடிக்கும்போது ஞாபகமில்லாம ஒரு பக்கம் ஆட்டுவேன், ஞாபகம் இருந்தா இன்னொரு பக்கம் ஆட்டுவேன். வேணும்னா இப்பவே வந்து படுக்கறேன். இன்ஸ்பெக்டர் கெஹாயோவையும் கூப்பிடுங்க. அவர் கண்ணு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. கோடு வழவழன்னு வந்தா அந்த ஃபைலை மூடிட்டு, அந்த பைத்தியக்காரியை என் கேட்ல தாள் ஒட்டாம இருக்கச் சொல்லுங்க. சம்மதமா?"

பர்வான் முகம் சுருங்கியது. தயங்கினார். கடைசியில் தோற்றவர்போல, "சம்மதம்" என்றார்.

தெருவில் இறங்கியதும் நெவேனா தலையில் அடித்துக்கொண்டாள். "என் நாக்கை அறுத்து அந்தச் சூப்புலயே போட்டிருக்கணும் பாஸ். இப்ப அவன் உஷாராயிட்டான். நம்ம ஊர் மாதிரியே ஆட்டிட்டுப் போயிடுவான். அந்த அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

பர்வான் சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கார்ச் சாவியை எடு" என்றார்.

*

இன்ஸ்பெக்டர் கெஹாயோவ் வேண்டாவெறுப்பாக வந்து சுவரோரம் நின்றார். அறையில் மேஜை விளக்கு மட்டும்தான் எரிந்தது. கூரை இருட்டில் இருந்தது. ஹரலாம்பி கோட்டைக் கழற்றி, காலணியைக் கழற்றி, சொந்த வீட்டில் படுப்பதுபோல் கட்டிலில் நீட்டிப் படுத்தான். ரலிட்சா அவன் கண்மேல் துண்டைப் போட்டாள். அந்தக் கை கழுத்துப்பக்கம் ஒரு கணம் நின்றதை நெவேனா பார்த்தாள். ஹரலாம்பி அதைப் பார்க்கவில்லை.

காகிதம் நகர ஆரம்பித்தது. பேனா எழுதியது, பழைய காகிதத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரமான அலைகள்.

"நல்லாத் தேறியிருக்கு உங்க இதயம்" என்றாள் நெவேனா. "எங்க ஊர்த் தண்ணியோட மகிமை."

"ஷ்" என்றார் கெஹாயோவ்.

"சௌகரியமா இருக்கா?" என்று கேட்டாள் ரலிட்சா. குரலில் ஒரு சலனமும் இல்லை.

ஹரலாம்பியின் தலை நிதானமாக இடமும் வலமும் போயிற்று. பேனா துள்ளவில்லை.

"கண்ணு மூடியிருக்கா?"

இடம், வலம். கோடு வழவழப்பாக ஓடியது.

"ஆரம்பிக்கலாமா?"

இடம், வலம். துண்டுக்குக் கீழே உதடு கோணிச் சிரித்தது.

கெஹாயோவ் பெருமூச்சு விட்டார். "பர்வான், போதுமா? என் ரெண்டு கண்ணால பாத்துட்டேன். இந்த ஆள் நம்ம மாதிரிதான் ஆமாம் சொல்றார்."

"நல்லாப் பாத்தீங்களா சார்? இப்படி ஆட்டினா ஆமாம்னு அர்த்தம். இவருக்கும் அதான் அர்த்தம். மூணு தடவை."

"பாத்தேன்யா. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப சரி" என்றார் பர்வான்.

நெவேனா சுவரில் சாய்ந்துவிட்டாள். முடிந்தது. நாளைக்கு இவன் விமானத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான். வண்டிக்குள் நின்றுபோன அந்த முனகலுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாக, எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் என்று வந்தது.

ரலிட்சா மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்து மேலே திருப்பினாள். அதே நொடியில் மறு கையால் ஹரலாம்பியின் கண்மேல் இருந்த துண்டைப் பிடுங்கினாள்.

அவன் முகத்துக்கு நேர் மேலே, கூரை முழுக்க, லோசான் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்றல்ல, இடுக்குவிடாமல் ஒட்டிய இருபது முப்பது லோசான்கள். அத்தனை மீசையும் அத்தனை கண்களும் கீழே படுத்திருந்தவனையே பார்த்தன.

"என் தம்பியை நீதானே கொன்னே?" என்றாள் ரலிட்சா.

ஹரலாம்பிக்குக் குரல் எழவில்லை. கண் பிதுங்க, மூச்சு அடைக்க, தலையை வெறி பிடித்தவன்போல் ஆட்டினான். இடம், வலம், இடம், வலம்.

ரலிட்சாதான் முதலில் பேசினாள்.

"ஆமாம்னுட்டான்" என்றாள்.

"இல்ல!" ஹரலாம்பிக்கு இப்போது குரல் வந்துவிட்டது. "இல்லைன்னு சொன்னேன்! நான் கொல்லலை! இல்லைன்னுதான் தலையாட்டினேன்!"

பர்வான் நிதானமாகக் கட்டில் பக்கம் வந்தார்.

"எந்த இல்லை சார்? இப்பத்தான் இன்ஸ்பெக்டர் முன்னாடி மூணு தடவை இதே ஆட்டம் ஆடினீங்க. அப்ப அது ஆமாம். இப்பவும் ஆமாம்தான்னா, கொலையை ஒத்துக்கிட்டீங்க. இல்லைன்னா, பயந்தா உங்க தலை மியூனிக் தலைதான்னு ஆகுது. அப்ப உங்க நிஜமான ஆமாம் மேலும் கீழும் போகும். செப்டம்பர்ல எடுத்த காகிதத்துல அந்தத் துள்ளல் ஒண்ணுகூட இல்ல. அங்க படுத்தது நீங்க இல்ல. நாலு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க? ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க, எனக்கு ரெண்டும் சம்மதம்."

கட்டில் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பேனா காகிதத்தின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத்தொட்டு வந்தது. ஹரலாம்பி எழுந்து உட்காரப் பார்த்தான். கம்பியில் தொங்கும் கட்டில் கால்பக்கம் வழுக்கி அவனை மறுபடி படுக்கவைத்தது.

"நோஞ்சான் இதயத்தோட அன்னிக்கு யாரைப் படுக்கவெச்சே?" என்றார் கெஹாயோவ். அவர் குரலில் இருந்த தூக்கம் போய்விட்டது. "உன் டிரைவர் மெத்தோடிதானே மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குவான்? அவனைப் போய்க் கேட்டா உண்மையைச் சொல்லிடுவான் இல்ல?"

ஹரலாம்பி கூரையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடினான். மூடியும் பயன் இல்லை போலும், மறுபடி திறந்தான்.

"மெத்தோடிக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் தாழ்ந்த குரலில். "என் பேர்ல வைத்தியம் பாத்துக்கோன்னு சொன்னேன். அவன் பாவம்."

அது போதுமானதாக இருந்தது. நெவேனா பர்வானின் காதருகே போனாள். "பாஸ், கடையில நான் கத்தினது..."

"அவன் உஷாராகாம இருந்திருந்தா இன்ஸ்பெக்டர் முன்னாடி நம்ம ஊர் ஆமாம் சொல்லியிருப்பானா? மூணு கேள்விக்கும் மேலும் கீழும் ஆட்டிட்டு, அன்னிக்கு மட்டும் வேற மாதிரி ஆட்டினேன்னு வக்கீல் வெச்சுத் தப்பிச்சிருப்பான். உன் தொண்டையை நம்பித்தானே கடைக்கே கூட்டிட்டுப் போனேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லாக் கத்தியிருப்பேன்."

கெஹாயோவ் கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றார். "ஹரலாம்பி, லோசானைக் கொலை செஞ்சதுக்காக உன்னைக் கைது பண்றேன். புரிஞ்சுதா?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. அவன் தலை மெல்ல மேலும் கீழுமாக ஆடியது.

பேனா எகிறி, காகிதத்தைத் தாண்டி மேஜை விளிம்பில் கோடு கிழித்தது.

ரலிட்சா ஓடிக்கொண்டிருந்த காகிதத்தைக் கிழித்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. "இதுதான்டா உன்னோட ஆமாம். இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்." பிறகு அதைக் கவனமாகச் சுருட்டி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

கெஹாயோவ் அவனை அழைத்துக்கொண்டு போனார். கட்டில் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நெவேனா மூலையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்து வந்து நிறுத்தினாள்.

"நான் ஏறிக் கிழிச்சிடட்டுமா அக்கா? நாளைக்கு வேற நோயாளி படுப்பாங்க, பயந்துடுவாங்க."

ரலிட்சா தன் தம்பியின் முகங்களை அண்ணாந்து பார்த்தாள். அவள் மோவாய் மேலே எகிறியது. நாக்கு 'ட்ச்' என்றது. நம் ஊர் 'இல்லை', தெளிவான 'இல்லை'.

"கிழிக்காத, பாத்துப் பதமா உரிச்சு எடு" என்றாள், பசை டப்பாவின் மூடியை அழுத்தி மூடியபடி. "ஜெயில்ல சுவர் எவ்வளவு நீளம்னு விசாரிச்சுட்டு வரேன்."